ஒரு கை உரம்

எங்கள் கொல்லையில் நிற்கும் எலுமிச்சையை யாரும் நடவில்லை. பாத்திரம் கழுவிக் கொட்டிய தண்ணீரோடு ஒரு விதை போய்ச் சேர்ந்து, அது பாட்டுக்கு முளைத்து, அது பாட்டுக்கு வளர்ந்தது. சொத்துப் பிரிக்கும் வரை அதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. நிலம் அளக்க வந்தவர் போட்ட கோடு நேராக அதன் தண்டில் போய் முட்டியபோதுதான், அங்கே ஒரு மரம் இருப்பதே குடும்பத்துக்குத் தெரிந்தது.

வீடு இரண்டு தெருவுக்கும் நடுவில் நீண்டு கிடந்தது. முன்தெருவைப் பார்த்த பாதி என் கணவரின் அண்ணனுக்கு, பின்தெருவைப் பார்த்த பாதி எங்களுக்கு, நடுக்கொல்லையில் சுவர் என்று முடிவானது. சுவரை மரத்துக்கு இந்தப் பக்கம் எழுப்பினால் மரம் அவர்களுக்கு, அந்தப் பக்கம் எழுப்பினால் எங்களுக்கு. பத்திரம் எழுதியவர் பழம் தின்று கொட்டை போட்டவர். மரம் நிற்கும் இடத்தில் மூன்றடி இடைவெளி விட்டு, "மேற்படி மரம் உயிருடன் இருக்கும் வரை மேற்படி இடத்தில் இரு தரப்பாரும் சுவர் எழுப்பக் கூடாது, மரம் பட்டுப்போகும் பட்சத்தில் சுவரைப் பூர்த்தி செய்ய வேண்டியது" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

என் மூத்தார், அந்த அண்ணன், எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து, சரியாக இருந்தால் கம்பி கட்டி ஈய முத்திரை அடிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருட சர்வீஸில் ஒரு தப்புத் தராசுக்கு அவர் கையால் முத்திரை விழுந்ததில்லை. சொந்த மாமனாரின் மளிகைக் கடைத் தராசு நாலு கிராம் தள்ளி நிற்கிறது என்று, கல்யாணமான மூன்றாம் மாதமே அதை முத்திரை போடாமல் திருப்பி அனுப்பியவர். மாமனார் கண்ணை மூடும் வரை அதைச் சொல்லிக்காட்டினார்.

சொத்துப் பிரித்த அன்றும் அவர் சும்மா இருக்கவில்லை. தன் டேப்பை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். அரையங்குலம் உதைத்தது. அதுவும் அவர் பக்கம் கூடுதலாக.

"இந்த அரையங்குலம் உன்னோடதுடா" என்றார் தம்பியிடம்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ரோஷத்துக்குக் குறைவில்லை. "எனக்கு யாரும் பிச்சை போட வேணாம். நீயே வெச்சுக்கோ."

"பிச்சை இல்லடா, அளவு."

"அப்பா போய் ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள டேப்பைத் தூக்கிட்டு வந்துட்டே."

அவ்வளவுதான். அரையங்குலத்தை நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று விட்டுக்கொடுக்கப் போய் நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பேராசையால் பிரிந்த அண்ணன் தம்பிகளை ஊரெல்லாம் பார்க்கலாம். நேர்மையால் பிரிந்தவர்களைப் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அன்றிலிருந்து மூத்தாருக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் அரையங்குலம்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஓரகத்தி என்றால் ஒத்துப்போகக் கூடாது என்று எழுதாத சட்டம் இருக்கிறது. எங்களுக்கு அது தெரியாமல் போய்விட்டது. அக்காவுக்கு நூலகத்தில் வேலை. எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் வேலை. சாயங்காலம் இருவரும் வந்ததும் அந்த மூன்றடி இடைவெளியில், ஆளுக்கொரு பக்கம் நின்று கால்மணி நேரம் பேசுவோம். அன்றைக்கு யார் யார் மேல் எரிச்சல் வந்தது என்பதுதான் பேச்சு. அதைப் பேசாமல் விட்டால் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், என் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, எனக்கு மூன்றாம் மாதக் கரு கலைந்தது. குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. முன்தெருவிலிருந்து பின்தெருவுக்குச் சுற்றி வந்தால் பத்து நிமிடம் ஆகும். அக்கா சுற்றவில்லை. மரத்துக்கும் சுவருக்கும் நடுவே முள்ளுக்குள் பக்கவாட்டில் நுழைந்து வந்தாள். எலுமிச்சை முள் கீறிய தழும்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இன்னும் இருக்கிறது. அந்த இடைவெளி அடைபட்டால் எனக்கு அக்கா இல்லை. எனக்கு அந்த மரத்தின் மேல் பாசமெல்லாம் கிடையாது. அது சாகக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருடம் மரத்தின் இலை வெளுக்க ஆரம்பித்தது.

அக்காவிடம் சொன்னால் அவளும் கவலைப்படுவாள் என்று சொல்லவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தொப்பி வைத்த ஒருவர் கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றச் சொன்னார். பாலில் தண்ணீர் கலந்தாலே சண்டைக்குப் போகிறவள் நான். சத்தான பொருளில் எதற்குத் தண்ணீர் என்று, அப்படியே ஊற்றினேன். வாரம் ஒரு வாளி. கொல்லை நாறியது.

"என்ன நாத்தம் இது?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"சாக்கடையா இருக்கும்" என்றேன்.

"முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போடணும்" என்றார். அதோடு விட்டுவிட்டார். எப்போதும் துருவித் துருவிக் கேள்வி கேட்கிற மனிதர் அன்று இரண்டாவது கேள்வி கேட்காததை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் ஆனது. இலையின் நுனி கருகியது. பிறகு ஓரம் கருகியது. பிறகு தொட்டாலே உதிர்ந்தது. அந்த வாரம்தான் காலையில் பல் தேய்க்கக் கொல்லைக்கு வந்தவள், இடைவெளி வழியே அரையங்குலத்தைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து வெள்ளையாக எதையோ வட்டமாகத் தூவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்து, "மழை வருமா?" என்று கேட்டார். என்னிடமா வானத்திடமா என்று தெரியவில்லை.

விஷம் வைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். மரம் பட்டால் சுவர் முழுதாகும்; அவர் பத்திரம் பூர்த்தியாகும். அளவு பிசகாத மனிதருக்கு அந்த மூன்றடி ஓட்டை நாலு வருடமாக உறுத்தியிருக்காதா?

மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கருகின இலை நாலைந்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். வாசலிலேயே பலகை: "இலை இல்லாமல் ஆலோசனை இல்லை." கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், நுனியை ஒடித்தார்.

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வெறும் வயிறு என்று சத்தியம் செய்துவிட்டுக் கையை நீட்டுகிறவர்களை நான் தினமும் அப்படித்தான் பார்ப்பேன். பாதிப்பேர் டிபன் முடித்துவிட்டு வந்திருப்பார்கள்.

"புண்ணாக்குக் கரைசல்" என்றேன்.

"எவ்வளவு?"

சொன்னேன். தண்ணீர் கலக்காததையும், மரத்தின் இரண்டு பக்கமும் சுவர் நிற்பதையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கையை மட்டும் தலை வரை கொண்டுபோய் இறக்கினார்.

"இது மட்டும் இருந்தா இவ்வளவு கருகாதும்மா. இது பட்டினி இலை இல்ல, தின்னுட்டுச் சாகுற இலை. வேற யாரோ உப்பு உரம் போடுறாங்க. யூரியா மாதிரி. ரெண்டு பக்கமும் அஸ்திவாரம்னு சொல்றீங்க. வேர் எங்க போகும்? தொட்டியில வெச்ச மாதிரிதான்."

"ஆரம்பத்துல இலை வெளுத்துச்சே. அதுக்கு எந்த உரம் சரி?"

"எதுவும் போடாம இருந்திருந்தீங்கன்னா சரி. வெயில் காலம் முடிஞ்சா சில மரம் வெளுக்கும், தானா தெளியும்." இலையைத் திருப்பித் தந்தார். "யார் யார், என்னென்ன, எத்தனை கிராம் போட்டீங்கன்னு எழுதிட்டு வாங்க. மொத்தம் தெரிஞ்சாத்தான் எவ்வளவு தண்ணி விட்டு உப்பைக் கழுவணும்னு சொல்ல முடியும். கம்மியா விட்டா உப்பு அங்கேயே நிக்கும். ஜாஸ்தியா விட்டா வேர் அழுகும்."

சாயங்காலம் அக்காவிடம் நெஞ்சில் இருந்ததைக் கொட்டினேன். "உங்க வீட்டுக்காரர் மரத்தைக் கொல்றாருக்கா."

அக்கா அதிர்ச்சியடையவில்லை. முகம் வெளுத்துக் கீழே பார்த்தாள். "அவரில்லடி. நான்தான்னு நினைக்கிறேன்" என்றாள். நூலகத்துத் தோட்டக்கலைப் புத்தகத்தில் எலும்புத்தூள் போட்டால் வேர் பலப்படும் என்று இருந்ததாம். புத்தகத்தை இரண்டு தடவை புதுப்பித்து, இரண்டு கிலோ போட்டிருக்கிறாள். இலை கருகக் கருக, போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் போட்டிருக்கிறாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கவலைப்படுவேன்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அக்கா அன்றிரவே அவள் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினாள். மறுநாள் இடைவெளியில் வந்து சொன்னாள். அவர் போட்டது விஷம் இல்லை, யூரியாதான். அரசாங்கத் துண்டுப் பிரசுரத்தில் ஒரு காய்ப்பு மரத்துக்கு இவ்வளவு என்று போட்டிருந்த கணக்கை வாரத்துக்குப் பிரித்து, நூற்றைம்பது கிராம் வீதம், ஆபீஸ் தராசில் நிறுத்துப் போட்டிருக்கிறார். தோப்பில் முப்பதடி தள்ளித் தள்ளி நிற்கும் மரத்துக்கு எழுதிய கணக்கு அது. அவர் அளவில் ஒரு குறையும் இல்லை. மரம்தான் அளவுக்குப் பொருந்தவில்லை.

"அவருக்கு எதுக்குக்கா இந்த மரம்?"

அக்கா தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர் சாயங்காலம் டூல் பேக்கைக் கொண்டுவந்து உங்க கொல்லைக் கொட்டகையில மாட்டுவார்ல. இவர் சமையலறை ஜன்னல்லேருந்து இந்த வழியா அதைப் பார்த்துட்டுதான் காபியத் தொடுவார். லிஃப்ட் குழியில வேலை, எப்ப என்ன ஆகுமோன்னு. நாலு வருஷமா இதான். வெளியில சொன்னா என்னைத் தொலைச்சிடுவார்."

நான் அந்த மனிதருக்கு விஷக்காரப் பட்டம் கட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று பேர் போட்டிருக்கும்போது நாலாவது ஆள் மட்டும் சும்மா இருந்திருப்பாரா என்றும் தோன்ற, கொட்டகைக்குப் போய் டூல் பேக்கைக் கவிழ்த்தேன். ஸ்பானர்களுக்கு அடியில் டிஏபி உரப்பை, கால்வாசி மீதி இருந்தது. இவர் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன வீட்டில் ஒருவர், "கறுப்புக் குருணை மாதிரி இருக்கும், ஒரு கை போடுங்க, அப்புறம் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் ஒரு கை. அதனால்தான் நாற்றத்தைப் பற்றி இரண்டாவது கேள்வி வரவில்லை. தன்னுடைய உரம்தான் நாறுகிறது என்று நினைத்திருக்கிறார்.

"எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மரம் இருந்தா உனக்கு நல்லதுன்னுதான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "எனக்கும்தான்" என்றார்.

உரக்கடைக்காரர் கேட்ட பட்டியலில் மூன்று பேரின் கணக்கு சேர்ந்துவிட்டது. நாலாவதில் சிக்கல். 'ஒரு கை' என்று எழுதினால் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் ஒத்துக்கொண்டாலும் அரையங்குலம் ஒத்துக்கொள்ள மாட்டார். அக்கா போய்ச் சொன்னதும் அவர் நேராகத் தன் சோதனைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, இடைவெளியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மட்டம் பார்த்து வைத்தார். ஸ்டூலின் இரண்டு கால் அவர்கள் மண்ணில், இரண்டு கால் எங்கள் மண்ணில். என் வீட்டுக்காரர் உரப்பையோடு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"எவ்வளவு போட்ட?" நாலு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"ஒரு கை."

"கைன்னா எவ்வளவு?"

"கைன்னா கைதான்."

"கைங்கிறது ஒரு அளவே இல்ல."

"அம்மா சோத்துல உப்பு போட்டது எந்தத் தராசுலயாம்?"

அரையங்குலம் தட்டைச் சுட்டிக்காட்டி, "அள்ளு" என்றார். இவர் அள்ளித் தட்டில் கொட்டினார். தொண்ணூற்றிரண்டு கிராம். "ஒரு தடவை அளந்தா அது அளவு இல்ல. மறுபடி அள்ளு." தொண்ணூற்றொன்று. "இன்னொரு தடவை." தொண்ணூற்றிரண்டு.

மூத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தராசைப் பார்க்கவில்லை, தம்பியின் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நுனி கொஞ்சம் குறைவு.

"விரல் என்னாச்சு?"

"லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சு. ஆச்சு, ரெண்டு வருஷம்."

"எனக்குத் தெரியாதே."

அக்காவுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். சொன்னால் சாப்பிட மாட்டார் என்று அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தாள். மூத்தார் அந்தக் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், கடைத் தராசைப் பார்ப்பதைப்போல, அவசரமில்லாமல்.

"மூணு தடவைக்கு ஒரு கிராம்தான் தள்ளுது" என்றார். "கடையில பாதித் தராசு இப்படி நிக்காது. கை சரியாத்தான்டா இருக்கு."

"இருக்காதா பின்ன" என்றார் என் வீட்டுக்காரர். "எழுதுண்ணே, தொண்ணூத்திரண்டு."

உரக்கடைக்காரர் மொத்தக் கணக்கையும் படித்தார். "ஒரு தோப்புக்குப் போட வேண்டியதை ஒத்த மரத்துக்குப் போட்டிருக்கீங்க. எலும்புத்தூள் ஒண்ணும் பண்ணாது, அது பாவம். மத்ததுக்கு ஒரு நாளைக்கு முப்பது குடம், பத்து நாள் விடுங்க. அப்புறம் மரம் விட்ட வழி" என்றார்.

பத்து நாளும் அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பதினைந்து குடம் ஊற்றினார்கள். மூத்தார் சத்தமாக எண்ணுவார். "ஒம்போது." "பத்துண்ணே." "ஒம்போதுதான்டா, நீ கொட்டின குடம் பாதிதான் இருந்துச்சு." சண்டைதான், ஆனால் காதுக்கு இதமாக இருந்தது. பதினோராம் நாள் மரத்தில் ஒரு இலை இல்லை. முள்ளும் குச்சியுமாக நின்றது. ஒரு மாதம் பார்த்தோம், இரண்டு மாதம் பார்த்தோம். துளிர் வரவில்லை. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பழுப்பு. ஒரு விரற்கடை கீழே கீறினேன், அங்கேயும் பழுப்பு. அக்காவிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு கொத்தனார் வந்தார். நாலு வருடத்துக்கு முன் சுவர் எழுப்பியவர், மீதிச் செங்கல்லை அக்கா வீட்டு மூலையில் அடுக்கிவிட்டு, மரம் போனால் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனவர். யாரும் கூப்பிடவில்லை, பக்கத்து வீட்டு வேலைக்கு வந்தவர் அங்கே மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறார். கரண்டிக் காம்பால் தண்டைத் தட்டினார்.

"பட்டுப் போச்சுங்க. ஒரு நாள் வேலை. நாளைக்கே அடைச்சுடலாம்."

நாங்கள் நாலு பேரும் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா கை தழும்பின் மேல் இருந்தது. பத்திரத்தில் எழுதியிருப்பது எழுதியதுதான்; அதில் எழுத்துப் பிசகாமல் நடக்கிறவர் ஒருவர் எங்களுக்கு நடுவில் இருக்கிறார்.

"சோதிக்காம எப்படிச் சொல்றது?" என்றார் மூத்தார்.

உள்ளே போய் ஆபீஸ் பையை எடுத்து வந்தார். மரத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நான் நகத்தால் கீறிய இடத்தில் விரல் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. என் பக்கம் திரும்பவில்லை. பிறகு பையிலிருந்து கம்பியை எடுத்தார். தண்டைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி முறுக்கினார், ஈய வில்லையைக் கோத்தார், இடுக்கியால் அழுத்தினார். இந்த வருட எண்ணோடு முத்திரை பளிச்சென்று விழுந்தது. கீறல் இரண்டும் கம்பிக்கும் வில்லைக்கும் அடியில் போய்விட்டன.

"உயிரோட இருக்கு" என்றார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "மரத்துக்கெல்லாம் சீல் வெப்பாங்களா?"

"எதுக்கு வெக்கணும்னு எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா இதான் வேலை."

கொத்தனார் போய்விட்டார். என் வீட்டுக்காரர் குனிந்து முத்திரையைப் பார்த்தார். விரல் நுனி இல்லாத கையால் அதைத் தொட்டார். அவருக்கும் பட்ட மரத்தைத் தெரியும்.

"எத்தனை நாளைக்குண்ணே செல்லும்?"

"ஒரு வருஷம்" என்றார் மூத்தார், பையை மூடிக்கொண்டே. "அடுத்த வருஷம் மறுபடி சோதிச்சுதான் போடணும். எனக்கு மறந்துடும். நீ வந்து ஞாபகப்படுத்து."